தூரத்தில் இருக்கும் டொக்டரின் கை: ரோபோ ஸ்கான் எப்படி வேலை செய்கிறது?

"எதுக்கும் ஒருக்கா ஸ்கான் பண்ணிப் பாப்பம்" என்று கிளினிக்கில் சொல்லிவிடுவது சுலபம். அது ஊரில் செய்ய முடியாத ஸ்கான் என்றால், புல்மோட்டையில் இருக்கும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அந்த ஒரு வரி ஒரு முழு நாளையும் தின்றுவிடும். திருகோணமலை நகரத்துக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். கூடப் போக ஒரு ஆள் வேண்டும், வீட்டில் நிற்கும் சின்னப் பிள்ளையைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். கணவன் கடலுக்குப் போகாமல் நின்றால் அன்றைய உழைப்பும் போச்சு. தெற்கே வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலும் இதே கதைதான். 2009இல் கிண்ணியாப் பாலமும், பிறகு மூதூர் வீதியின் மற்றப் பாலங்களும் வந்ததால் பாதைப் படகுக்காகக் கரையில் காத்து நிற்பது ஒழிந்தது. ஸ்கான் செய்யத் தெரிந்தவரைத் தேடிப் போகும் அலைச்சல் இன்னும் பலருக்குத் தீரவில்லை.

மெஷின் இல்லாததுதான் தடை என்று நினைத்துவிட வேண்டாம். அல்ட்ராசவுண்ட் எனப்படும் இந்த ஸ்கானின் மெஷின் இப்போது மடிக்கணினி அளவுக்குச் சுருங்கிவிட்டது. கைத்தொலைபேசியில் பொருத்திப் பார்க்கும் வகைகூட உண்டு. கிடைப்பது அரிது என்றால் அது, மெஷினைப் பிடித்து உடம்புக்குள் சரியான இடத்தைத் தேடி எடுக்கும் பழகிய கை. நம் நாட்டில் பெரும்பாலும் வைத்தியர்களே ஸ்கான் செய்கிறார்கள். அதிலும் சில ஸ்கான்களை நிபுணர்தான் பார்க்க வேண்டும். அந்த நிபுணரை ஊருக்கு ஊர் அனுப்ப முடியாது. ஆனால் அவருடைய கையசைவை மட்டும் அனுப்பினால் என்ன? ரோபோ ஸ்கான் என்ற முயற்சி தொடங்கியது இந்தக் கேள்வியில்தான். இதை அடியில் இருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

எதிரொலியில் இருந்து படம்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாட்கலங்களில் மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி இருக்கும். கலத்தின் அடியில் இருந்து ஒரு சத்தம் கடலுக்குள் போகும். மீனிலும் கடலடியிலும் பட்டுத் திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்து, எத்தனை பாகம் ஆழத்தில் மீன் நிற்கிறது என்று திரை காட்டிவிடும். வயிற்று ஸ்கானும் இதே கணக்குத்தான். கடலுக்குப் பதில் உடம்பு, பாகத்துக்குப் பதில் மில்லிமீற்றர்.

மனிதக் காது கேட்கக்கூடியது செக்கனுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான். வயிற்று ஸ்கானில் போகும் சத்தம் செக்கனுக்கு 20 இலட்சம் முதல் 50 இலட்சம் தடவை வரை அதிரும். உடம்பின் மென்மையான தசைக்குள் அது செக்கனுக்குச் சுமார் 1,540 மீற்றர் வேகத்தில் ஓடும். 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கும் ஒன்றில் பட்டுத் திரும்ப, ஒரு செக்கனை பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் 130 பங்கு நேரம் போதும். இப்படி வரும் எதிரொலிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துத்தான் திரையில் நாம் காணும் சாம்பல் நிறப் படம் உருவாகிறது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. கர்ப்ப காலத்தில் இதைத் தயக்கமில்லாமல் பயன்படுத்துவதற்கு அதுவே முக்கிய காரணம்.

சத்தத்தை அனுப்பவும் திரும்பக் கேட்கவும் ஒரே பொருள்தான் உதவுகிறது: மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும் ஒருவகைப் படிகம். பிரெஞ்சு விஞ்ஞானிகளான பியர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் இந்தக் குணத்தைக் கண்டார்கள். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காக போல் லாஞ்சவென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதைக் கடலுக்குள் இறக்கினார். பிரித்தானிய விமானப் படையில் வேலை செய்தபோது ராடாரையும், கடலுக்குள் எதிரொலியால் தேடும் சோனாரையும் தெரிந்துகொண்ட இயன் டொனல்ட் என்ற மகப்பேற்று வைத்தியர், கிளாஸ்கோவில் தன் குழுவினருடன் அதைப் பெண்களின் வயிற்றுக்குக் கொண்டுவந்தார். 1958இல் லான்செட் மருத்துவ இதழில் அவர்களின் கட்டுரை வெளியானது. நீர்மூழ்கியைத் தேடப் பிறந்த வித்தை பிள்ளையைப் பார்க்க வந்தது இப்படித்தான்.

குளிர்ந்த ஜெல்லை வயிற்றில் தேய்ப்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. தோலுக்கும் டொக்டர் கையில் பிடிக்கும் ஸ்கான் முனைக்கும் நடுவில் மெல்லிய காற்றுப் படை இருந்தால் போதும், சத்தம் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே தெறித்துத் திரும்பிவிடும், உள்ளே போகாது. ஜெல் அந்தக் காற்றை விரட்டுகிறது. எலும்பும் இப்படித்தான் சத்தத்தை மறிக்கும், அதன் பின்னால் படத்தில் ஒரு கறுப்பு நிழல் விழும். காற்றையும் எலும்பையும் மனதில் வைத்திருங்கள். ரோபோவுக்கு வரும் தொல்லைகளில் பாதி இவற்றால்தான்.

கை செய்யும் வேலை

ஸ்கான் அறையில் கட்டிலில் படுத்திருப்பவர் திரையைப் பார்ப்பார். அடுத்த முறை டொக்டரின் மணிக்கட்டைப் பாருங்கள். அங்கேதான் விஷயம் நடக்கிறது.

பித்தப்பையைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது வலப்பக்கம் விலா எலும்புக்கு உள்ளே ஒளிந்திருக்கும். "அம்மா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சிருங்கோ" என்பார் டொக்டர். மூச்சை இழுத்ததும் ஈரல் கீழே இறங்கும், பித்தப்பையும் கூட இறங்கும். அந்தச் சில செக்கன்களுக்குள் அவர் ஸ்கான் முனையை இரண்டு விலாவுக்கு நடுவில் சரித்து, கொஞ்சம் திருப்பி, ஒரு பக்கத்தை மட்டும் சற்று அமத்துவார். எலும்பின் நிழல் விலகும், பேரிக்காய் வடிவில் கறுப்பாகப் பை தெரியும். நகர்த்தல், சரித்தல், திருப்பல், ஆட்டல், அமத்தல் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அவருடைய கண் திரையில்தான் இருக்கும், கையை அவர் பார்ப்பதே இல்லை.

பிள்ளையின் தலையை அளக்கும்போது இன்னும் நுணுக்கம் வேண்டும். மூளையின் நடுக்கோடும், அதன் இரு பக்கத்திலும் தலமஸ் என்ற பகுதியும் ஒரே வெட்டில் தெரிய வேண்டும். முனை சில பாகை சரிந்துவிட்டால் தலை வேறு அளவாகத் தெரியும். அளவு பிழைத்தால் கிழமைக் கணக்கும் பிழைக்கும், பிள்ளை வளரவில்லையோ என்ற வீண் பயம் வரும். அதைவிட மோசம், வளராத பிள்ளை சரியாக வளர்கிறது என்று தோன்றுவது.

அமத்தும் அளவே நோயைச் சொல்லும் ஸ்கானும் உண்டு. காலில் ஆழத்தில் உள்ள நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க, முனையால் நாளத்தை அமத்துவார்கள். நல்ல நாளம் தட்டையாகிவிடும். கட்டி இருந்தால் ஆகாது. பக்கத்தில் ஓடும் நாடி அந்த அமத்தலுக்கு அசையாமல் நிற்கும். ஆக, இங்கே கை படம் மட்டும் எடுக்கவில்லை, சோதித்தும் பார்க்கிறது.

நாள் முழுக்க இப்படி வேலை செய்பவர்களுக்குத் தோள்வலி, மணிக்கட்டு வலி, கழுத்து வலி வருவது உலகம் முழுவதும் நன்கு தெரிந்த ஒரு தொழில் நோய். ரோபோவைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் யோசிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். 1990களின் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செப்டிமியு சால்குடியன் குழுவினர் கழுத்து நாடியைப் பார்க்க ஒரு ரோபோ கையைச் செய்தபோது, வைத்தியர் படும் இந்த வலியும் அவர்கள் நினைவில் இருந்தது.

இரும்புக் கைக்கு மென்மை எங்கிருந்து வருகிறது

ரோபோ என்றதும் தலையும் காலும் உள்ள உருவம் ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாங்கி, அதில் ஆறு அல்லது ஏழு மூட்டுள்ள ஒற்றைக் கை, அந்தக் கையின் நுனியில் சாதாரண ஸ்கான் முனை. பார்க்க இவ்வளவுதான். தொழிற்சாலையில் காரின் பாகங்களை ஒட்டும் ரோபோவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இது தொடுவதை உணரும். ஜெர்மனியின் கூக்கா நிறுவனம் மருத்துவத்துக்கென்றே செய்யும் ஏழு மூட்டுக் கை ஒன்றில் ஒவ்வொரு மூட்டிலும் முறுக்கு விசையை அளக்கும் உணரி இருக்கிறது. ஆராய்ச்சிக் கூடங்கள் பலவற்றில் அந்தக் கையை வைத்துத்தான் வேலை நடக்கிறது.

நான் இதில் மிகவும் வியந்த பகுதி, அந்தக் கையை நடத்தும் விதி. கேட்க எளிமையான விதி. தோலின் மேல் நகரும்போது, இந்த இடத்துக்குப் போ என்று இடத்தைக் கட்டளையாகக் கொடுக்கிறார்கள். தோலுக்குள் அமத்தும் திசையில் மட்டும் இடத்தைச் சொல்வதில்லை, விசையைச் சொல்கிறார்கள். உதாரணத்துக்கு, 10 நியூட்டன் அளவில் அமத்து. அது ஒரு கிலோ எடை வயிற்றில் இருப்பதற்குச் சமம். இப்போது கட்டிலில் இருப்பவர் மூச்சு விடுகிறார், வயிறு ஏறி இறங்குகிறது. இடத்தை மட்டும் சொல்லியிருந்தால், வயிறு ஏறும்போது இரும்பு அதே இடத்தில் நிற்கும், நோகும். விசையைச் சொல்லியிருப்பதால் வயிறு மேலே வந்தால் கை பின்வாங்கும், இறங்கினால் பின்தொடரும். இருமினாலும் அப்படியே. இந்தக் கணக்கை ரோபோ செக்கனுக்கு 1,000 தடவை வரை திரும்பத் திரும்பப் போடுகிறது.

அடுத்தது கண். தூரத்தையும் அளக்கக்கூடிய கமரா ஒன்று மேலிருந்து வயிற்றைப் பார்த்து அதன் மேடு பள்ளத்தைக் கணினியில் வரைந்துகொள்கிறது. எந்தப் பாதையில் போக வேண்டும் என்று அதில் கோடு போட்டுவிட்டுத்தான் கை புறப்படும். ஒவ்வொரு புள்ளியிலும் முனை தோலுக்குச் செங்குத்தாக நிற்கப் பார்க்கும். மெலிந்தவர், பருத்தவர், ஒருக்களித்துப் படுத்தவர் என்று உடம்புக்கு உடம்பு பாதை மாறும்.

மூன்றாவது வழிகாட்டி ஸ்கான் படமேதான். படத்தின் ஒரு ஓரம் திடீரென்று கறுத்தால், அந்தப் பக்கம் முனை தோலை விட்டு எழும்பிவிட்டது, நடுவில் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். ரோபோ அந்தப் பக்கம் கொஞ்சம் சரிய வேண்டும். நடுவில் நீளமாக நிழல் விழுந்தால் விலா எலும்பு குறுக்கே நிற்கிறது, விலகிப் போக வேண்டும். அனுபவமுள்ள டொக்டரின் கை யோசிக்காமல் செய்வதை, கணினி இப்படி ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்துச் செய்கிறது.

யார் ஓட்டுகிறார்கள்

எல்லாவற்றையும் "ரோபோ ஸ்கான்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. உண்மையில் எதிரெதிரான இரண்டு எல்லைகள் இருக்கின்றன. ஒன்றில் மனிதரே முழுக்க ஓட்டுகிறார். மற்றதில் ரோபோ தானாகவே செய்கிறது. நடுவில் பல கலவைகள்.

மனிதர் ஓட்டும் வகைதான் இன்று உண்மையான நோயாளிகளுக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது. பிரான்ஸில் உருவான மெலடி என்ற கருவி நல்ல உதாரணம். நோயாளியின் பக்கத்தில் ஒரு உதவியாளர் கருவியின் சட்டத்தை வயிற்றில் பிடித்துக்கொள்வார். தூரத்தில் இருக்கும் நிபுணர், உண்மையான முனை போலவே இருக்கும் ஒரு போலி முனையைக் கையில் வைத்து அசைப்பார். அவர் சரித்தால் இங்கே சரியும், திருப்பினால் இங்கே திரும்பும். எந்த இடத்தில் வைக்க வேண்டும், எவ்வளவு அமத்த வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்ல உதவியாளர் செய்வார். ஒரு மனிதக் கையை ரோபோவும் இன்னொரு மனிதரும் பங்குபோட்டுக் கொள்கிறார்கள். எனக்கு இது மிகவும் நிதானமான யோசனையாகப் படுகிறது.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் வடக்கில் லா லோஷ் என்று பழங்குடி மக்கள் வாழும் ஒரு ஊர் இருக்கிறது. சஸ்கற்றூன் நகரத்தில் இருந்து சுமார் 600 கிலோமீற்றர். 2020இல் அந்த ஊரில் கொரோனா பரவி, பயணம் செய்ய முடியாமல் போனபோது, அங்கிருந்த கர்ப்பிணிகளுக்கு சஸ்கற்றூனில் இருந்தபடியே ரோபோ மூலம் ஸ்கான் செய்தார்கள். அதே ஆண்டு சீனாவில் வூஹான் நகரத்தின் தற்காலிக வைத்தியசாலையில் இருந்த கொரோனா நோயாளிகளை, ஹாங்ஜோ நகரத்து நிபுணர்கள் 5ஜி இணைப்பு வழியாக ஸ்கான் செய்தார்கள். அங்கே தூரத்தைவிடத் தொற்றுப் பயம்தான் பெரிய காரணம்.

தானாகச் செய்யும் வகை எங்கே முதலில் கைகூடியது என்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கும். டென்மார்க்கில் ரொப்கா என்ற நிறுவனம் செய்த ஆர்தர் என்ற ரோபோ, முடக்குவாதம் உள்ளவர்களின் கையையும் விரல் மூட்டுகளையும் தானே ஸ்கான் செய்யும். ஏன் கை? மேசையில் அசையாமல் வைக்கலாம். மூட்டுகள் எல்லாருக்கும் ஒரே ஒழுங்கில் இருக்கும், தோலுக்கு மிக அருகில் இருக்கும். கர்ப்பிணியின் வயிற்றில் இவை ஒன்றுமே இல்லை. தாய் மூச்சு விடுகிறாள், பிள்ளை உதைக்கிறது, திரும்பிப் படுக்கிறது, நச்சுக்கொடி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம். அதனால் யாராவது "ரோபோ எல்லா ஸ்கானும் தானே செய்யும்" என்று சொன்னால், உடம்பின் எந்தப் பகுதி என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராது.

இணைப்பு அறுந்தால்?

நம் ஊரில் முதலில் வரும் கேள்வி இதுதான். வாடைக் காலத்தில் மின்சாரம் போகும், இணைப்பு திக்கித் திக்கி வரும். நிபுணர் கொழும்பில் கையை அசைத்து அரைச் செக்கன் கழித்து மூதூரில் ரோபோ அசைந்தால் நோயாளியை நோகடித்துவிடாதா?

விசைக் கணக்கு நோயாளியின் பக்கத்தில் நிற்கும் கணினியிலேயே நடக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். தூரத்தில் இருந்து வருவது எங்கே போக வேண்டும், எப்படிச் சரிய வேண்டும் என்ற கட்டளை மட்டும். எவ்வளவு அமத்தலாம் என்ற எல்லையை உள்ளூர்க் கணினியே காக்கும். இணைப்பு அறுந்தால் கை அமத்துவதை நிறுத்தி மேலே எழும்பிவிட வேண்டும். நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் எட்டும் இடத்தில் நிறுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். இவற்றை ஒழுங்காகச் செய்த கருவியில் தாமதத்தால் ஆபத்து குறைவு, எரிச்சல்தான் கூடும். படம் பிந்தி வந்தால் நிபுணர் கொஞ்சம் அசைத்துவிட்டுக் காத்திருப்பார், மறுபடி அசைப்பார். பத்து நிமிட வேலை அரைமணியாகும். நாளத்தை அமத்திப் பார்ப்பது போன்ற நுண்ணிய வேலைகள் அந்த நிலையில் கடினம்.

நம் மாவட்டத்துக்கு இது பொருந்துமா

ரோபோ வந்தால் ஆள் தேவையில்லை என்பது முழுத் தவறு. ஜெல் பூச, உடையை ஒதுக்கித் துணியால் மூட, "பயப்படாதீங்கோ தங்கச்சி, நோகாது" என்று கையைப் பிடித்துக்கொள்ள, வலியில் முகம் சுருங்குவதைக் கவனிக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். விசை உணரிக்கு நியூட்டன் தெரியும், முகம் தெரியாது. நம் பகுதிப் பெண்களுக்கு, அது தமிழராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும், அறையில் ஒரு பெண் இருப்பது முக்கியம். கமராவில் யார் பார்க்கிறார்கள், படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். தூரத்து நிபுணர் சிங்களத்தில் பேசுபவராக இருந்தால் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்லவும் அதே பக்கத்து ஆள்தான் வேண்டும். மூச்சை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று விளங்காவிட்டால் பித்தப்பை விலாவுக்குள்ளேயே நின்றுவிடும்.

செலவையும் நேராகப் பேசவேண்டும். எல்லா ஸ்கானுக்கும் ரோபோ வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் 24 கிழமைக்கு முன் ஒரு ஸ்கானாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. அந்த முதல் ஸ்கானுக்கு வேறு ஒரு வழியும் வளர்ந்து வருகிறது. திரையைப் பார்க்காமலேயே, வயிற்றின் மேல் சொல்லிக் கொடுத்த கோடுகளில் ஒருவர் முனையை மெல்ல இழுத்தால் போதும். கிடைத்த படங்களில் இருந்து கணினி கர்ப்பத்தின் வயதைக் கணிக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவிலும் ஆபிரிக்காவின் சாம்பியாவிலும் எடுத்த ஸ்கான்களை வைத்துச் செய்த இப்படியான ஒரு ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஒரு சின்ன ஸ்கான் கருவியும் சில நாள் பயிற்சியும் இருந்தால் நம் மிட்வைஃப்மாரும் இதைச் செய்யலாம். வீடு வீடாகப் போகிறவர்கள் அவர்கள். எந்தத் தாய்க்கு எத்தனை மாதம் என்று அவர்களுக்குத் தெரியும். புல்மோட்டைக்கும் வெருகலுக்கும் முதலில் வரவேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு மேல், நிபுணரின் கையே வேண்டும் என்ற இடங்களில்தான் தூரத்து ரோபோவுக்கு வேலை. பிள்ளையின் இதயத்தில் குறை இருக்குமோ என்ற சந்தேகம், வளர்ச்சி நின்றுவிட்டதோ என்று தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது, பெரியவர்களின் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கான். இப்படியானவற்றுக்கு ஆதார வைத்தியசாலை ஒன்றில் ஒரு கருவி இருந்து, கிழமையில் குறித்த நாளில் நிபுணர் மறுமுனையில் உட்கார்ந்தால் ஒரு முழு நாள் பயணம் பலருக்கு மிச்சமாகும். அப்போதும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது வைத்தியர்தான். ஸ்கானில் ஏதும் பெரிதாகத் தெரிந்தால் தாய் நகரத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். வருவதற்கு முன்பே தெரிந்து வருவது, அவசரத்தில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பிரசவ அறையில் வேலை செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கருவி பழுதானால் திருத்த யார் என்ற கேள்வியும் உண்டு. அதற்கு ஆட்களை இங்கேயே உருவாக்கலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஆராய்ச்சிக்கு நல்ல பொருள். தொடங்க மனித உடம்பே தேவையில்லை. ஜெலட்டினைக் கெட்டியாகக் காய்ச்சி, அதற்குள் தண்ணீர் நிரப்பிய பலூன் ஒன்றைப் புதைத்தால், ஸ்கானில் அது ஒரு பை போலத் தெரியும். எடையை அளக்கும் ஒரு சின்ன உணரி, மேசையில் வைக்கும் மலிவான ஒரு ரோபோ கை, பழைய ஸ்கான் முனை ஒன்று. முதல் பயிற்சி, ஜெலட்டின் கிழியாமல் அதன் மேல் ஒரே விசையில் முனையை நடத்திக்கொண்டு போவது. இரண்டாவது, யாராவது அந்தத் தட்டை மெல்ல ஆட்டும்போதும் அதே விசையைக் காப்பது. இந்த இரண்டும் கைகூடிய பிள்ளைக்கு, மேலே சொன்ன பெரிய கருவிகளுக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்காமலே விளங்கிவிடும்.